மச்சான் கட்டும் உருமா

கேப்ரியல் சார் சண்டையில் கெட்ட வார்த்தை பேச மாட்டார். அதற்குப் பதிலாக, ஏதாவது ஓர் ஆங்கில வார்த்தை எங்கே பிறந்தது, எப்படி வளர்ந்தது என்று பாடம் நடத்துவார். அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள், இதற்குக் கெட்ட வார்த்தையே தேவலை என்பார்கள்.

ஈப்போ, புந்தோங்கில் ஒரு மோட்டார் சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் டியூஷன் சென்டர் வைத்திருந்தார். வயது நாற்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. பெண் கிடைக்காமல் இல்லை. பார்க்கப் போன இடத்திலெல்லாம் பெண்ணின் ஆங்கிலத்தைத் திருத்தினார், அவ்வளவுதான். அந்தப் புதன்கிழமை மாலை வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, 'மதர்-இன்-லா' என்றால் கோர்ட்டில் பதிந்த அம்மாவா சார் என்று கேட்டுவிட்டது. சாருக்குக் குஷி தாங்கவில்லை.

"கோர்ட் இல்லம்மா. அந்த 'லா' சர்ச்சோட லா. யாரு யாரைக் கட்டக்கூடாதுன்னு அந்தக் காலத்துல சர்ச் ஒரு பட்டியல் வச்சிருந்துச்சு. ஒருத்தன் ஒரு பொண்ணக் கட்டினா, அவ அம்மா இவனுக்கும் அம்மா, அவ தங்கச்சி இவனுக்கும் தங்கச்சி. பொறப்பால இல்ல, சர்ச் சட்டத்தால. அதான் இன்-லா."

அதோடு விட்டாரா? அதற்கும் முந்தி ஆங்கிலத்துக்கும் நம்மைப் போலத் தனித்தனிப் பெயர்கள் இருந்தன என்றார். மருமகளுக்கு 'ஸ்நோரு', கணவனின் சகோதரனுக்கு 'தாகோர்'. எல்லாம் வழக்கொழிந்து போய், கடைசியில் ஆளுக்கு ஆள் ஒரே வாலை ஒட்டிவிட்டார்கள் என்று வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டினார். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் கொழுந்தனை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று தெரிந்து வைத்திருந்த மனிதருக்கு, சுங்கை சிப்புட்டில் இருக்கும் தங்கை புருஷனை எப்படிக் கூப்பிடுவது என்பதில் மட்டும் பத்து வருஷமாகத் தகராறு.

தங்கை பெயர் ஜானிஸ். அம்மா போனபோது அவளுக்கு எட்டு வயது, இவருக்குப் பதினாறு. அப்பா ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. விடிந்து போனால் இருட்டித்தான் வருவார். தங்கைக்குத் தலை பின்னியது, சட்டை இஸ்திரி போட்டது, பள்ளிக்கு சைக்கிளில் வைத்து மிதித்தது எல்லாம் இவர்தான். அது பாசம்தான், இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வளர்த்த பிள்ளை தன்னைக் கேட்காமல் மூச்சுகூட விடக்கூடாது என்கிற பாசம்.

அவள் கேட்காமல்தான் விட்டாள். சுங்கை சிப்புட்டுக்காரன் தனேஸ்வரனைக் கட்டிக்கொண்டாள். கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். ரப்பர் மரத்தில் பால் வெட்டிய சீனியின் மூத்த மகன். எல்லாவற்றுக்கும் மேல், இந்து. மாரியம்மன் கோயிலில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு மோதிரம் போட வேண்டிய பெண்ணின் அண்ணன் அன்றைக்கு ஈப்போவை விட்டு அசையவில்லை. முதல்நாள் மட்டும் மாப்பிள்ளைக்குப் போன் போட்டுப் பாடம் நடத்தினார்.

"பிரதர்-இன்-லான்னா சர்ச் சட்டப்படி பிரதர். நீ அந்தச் சட்டத்துக்குள்ளயே வரல. அதனால நீ எனக்கு யாருமில்ல. புரியுதா?"

"புரியுது சார்," என்றான் தனேஸ்வரன். அன்றிலிருந்து அவன் இவரை 'சார்' என்றுதான் சொன்னான். மச்சான் என்று ஒருநாளும் வாய் தவறிக்கூட வரவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அப்பா இறந்தபோது ஆங்கிலப் பேப்பரில் மரண அறிவிப்புக் கொடுத்தார் கேப்ரியல் சார். மகன் கேப்ரியல், மகள் ஜானிஸ். மருமகன் என்ற வரியே இல்லை. அப்பாவின் அண்ணன் மகன் பெர்னார்ட் பெயரும் இல்லை. பெர்னார்ட் லாரி டிரைவர். அவனுடைய அப்பா கடைசிவரை தோட்டத்தில் பால் வெட்டியவர். கிராணி வீட்டுக்கும் தொழிலாளர் லயத்து வீட்டுக்கும் நடுவில் சார் சின்ன வயதிலேயே ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். யாராவது கேட்டால், "தூரத்து கசின்," என்பார். அன்றைக்கு சவப்பெட்டியின் முன்பக்கத்தை இடது தோளில் பெர்னார்டும் வலது தோளில் தனேஸ்வரனும்தான் தாங்கிப் போனார்கள். சாருக்கு முதுகுவலி.

இப்போது தனேஸ்வரனின் அப்பா சீனி போய்ச் சேர்ந்துவிட்டார். சாவுக்கு சார் போகவில்லை. வாட்ஸ்அப்பில் ஆர்.ஐ.பி. என்று மூன்று எழுத்து அனுப்பினார்; நடுவில் புள்ளி வைக்க மறக்கவில்லை.

புதன்கிழமை வகுப்பு முடிந்து பலகையை அழித்துக்கொண்டிருந்தபோது ஜானிஸ் கூப்பிட்டாள்.

"அண்ணே, ஞாயித்துக்கெழம பதினாறாம் நாளு. நீ வந்து அவருக்கு உருமா கட்டணும்."

பதினாறாம் நாள் காரியத்தில், அப்பனை இழந்த ஒவ்வொரு மகனையும் சபை நடுவே உட்கார வைத்து, அவன் மனைவியின் உடன்பிறந்தான் புதுத்துணியால் தலைப்பாகை கட்டிவிடுவான். அதுதான் உருமா. அதுவரை துக்கத்தில் இருந்தவன் அதற்குப் பிறகுதான் வீட்டுக்குத் தலைவன். கட்டுகிற உரிமை மச்சானுக்கு. பங்காளி எவனும் அந்தத் துணியைத் தொட முடியாது.

"அஞ்ஞானி சடங்குக்கெல்லாம் நான் எப்படிம்மா வருவேன்?"

"தலையில ஒரு துண்டு கட்டுறதுக்கு எந்த சாமியும் கோவிச்சுக்காது. தீபனோட மச்சானுங்க பாரிட் புந்தார்லேர்ந்து நாளைக்கே வாராங்க." தீபன், தனேஸ்வரனின் தம்பி. "சின்னவன் தலையில உருமா இருந்து, பெரியவரு வெறுந்தலையா உக்காந்திருந்தா எப்படி இருக்கும்? எல்லாரும் என்னத்தான் பாப்பாங்க. இவளுக்குப் பொறந்த வீடு இல்ல, சும்மா கூட வந்தவன்னு. பத்து வருஷமா அந்தப் பேச்சு வராமதான் காப்பாத்திக்கிட்டு வாரேன்."

உண்மையைச் சொல்லிவிடுவோம்: கேப்ரியல் சாருக்கு சந்தோஷமாக இருந்தது. பத்து வருஷமாக மூடிக் கிடந்த கதவு, திறப்பதற்கு இவர் கை ஒன்றுதான் உண்டு என்று வந்து நிற்கிறது. இவர் ஒருவர்தானே அண்ணன்? இன்னொரு பிள்ளை பெறாமலேயே அம்மா போய்விட்டாள். தங்கையைத் திரும்ப அடைய இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று அவருக்குத் தோன்றியது. கேட்டவுடன் சரி என்று சொல்லியிருந்தால் அடைந்தும் இருப்பார். ஆனால் கொடுக்கிற இடத்தில் உட்கார்ந்து அவருக்குப் பழக்கமில்லை, வாங்கித்தான் பழக்கம்.

"வாரேன். ஆனா ரெண்டு விஷயம். கல்யாணத்த சர்ச்ல முறைப்படுத்தணும். உன் புள்ள ஷாமினிக்கு ஞானஸ்நானம் குடுக்கணும். நான் டைப் பண்ணிக் கொண்டாறேன், உன் வீட்டுக்காரன் கையெழுத்து போடட்டும். போட்ட கையோட கட்டிவிடறேன்."



"அவங்க அப்பா போயி பன்னெண்டு நாளுதான் ஆச்சு அண்ணே."

"அதனாலதான் சொல்றேன். இப்பத்தான் கேப்பான்."

"அவருகிட்ட நான் கேக்க மாட்டேன். காயிதம் கீயிதம்னு கொண்டாராத. வர்றதா இருந்தா அண்ணனா வா. பத்தரைக்கு உருமா." வைத்துவிட்டாள்.

வீராப்புப் பேசுகிறாள், பேசட்டும் என்று நினைத்துக்கொண்டார். வேறு யார் இருக்கிறார்கள்? கடைசி நேரத்தில் வழிக்கு வந்துதானே ஆக வேண்டும்.

வியாழக்கிழமை உட்கார்ந்து காகிதத்தைத் தயார் செய்தார். 'சீனியின் மகனாகிய தனேஸ்வரன் என்னும் நான்' என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்து, ஒன்று, இரண்டு என்று எண் போட்டு, கீழே சாட்சிகளுக்கும் இடம் விட்டிருந்தார். சனிக்கிழமை பூசை முடிந்ததும் பங்கு ஃபாதரிடம் அதைக் காட்டினார். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, "சார், இதெல்லாம் எழுதி வாங்குற விஷயம் இல்லையே. முதல்ல போயி துக்கம் விசாரிச்சிட்டு வாங்க," என்றார். ஃபாதர் இளைஞர், அனுபவம் போதாது என்று சார் முடிவு கட்டினார்.

துணி வாங்குவதில் மட்டும் குறை வைக்கவில்லை. லிட்டில் இந்தியாவில் நான்கு கடை ஏறி இறங்கி, பட்டுக்கரை போட்ட வெள்ளைத் துண்டு ஒன்றை எடுத்தார். வீட்டில் தலையணை மேல் ஒருமுறை சுற்றியும் பார்த்தார். கட்டுவதைச் சின்ன வயதில் தோட்டத்தில் பார்த்திருக்கிறார், இடமிருந்து வலமா, வலமிருந்து இடமா என்பதுதான் மறந்துவிட்டது. தங்கை முகத்தைப் பார்க்கப்போகிறோம் என்ற நினைப்பில் அன்றைக்கு அவர் இரண்டு தடவை சட்டையை மாற்றிப் பார்த்ததும் நிஜம். ஆள் கல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கு மைவி காரைக் கிளப்பினார். நேராகப் போயிருந்தால் பத்து மணிக்கெல்லாம் போயிருக்கலாம். செம்மோர் தாண்டியதும் ஒரு கோப்பிக் கடையில் வண்டியை நிறுத்தி, பாலில்லாத கோப்பி ஓ ஒன்று சொல்லி உட்கார்ந்தார். சீக்கிரம் போனால் மதிப்பு இருக்காது. கொஞ்சம் தவிக்கட்டும். மணையில் உட்கார வைத்துவிட்டு ஆளைக் காணோமே என்று வாசலைப் பார்க்கும்போது போய் இறங்கினால், பேனாவைத் தேடி அவர்களே ஓடுவார்கள்.

பத்தரை ஆயிற்று. போனை மேசைமேல் திரை தெரிகிற மாதிரி வைத்திருந்தார். அது அடிக்கவில்லை. இன்னொரு கோப்பி சொன்னார். பத்தே முக்கால். சிக்னல் இருக்கிறதா என்று பார்த்தார், நன்றாகவே இருந்தது. பதினொரு மணிக்கு அவரே எழுந்தார். வீம்பு பிடித்தவள், போன் போட மாட்டாள் என்று சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்டாரே தவிர, வண்டியைக் கொஞ்சம் வேகமாகத்தான் ஓட்டினார்.

ஒரு காலத்தில் ரப்பர் மரம் நின்ற இடமெல்லாம் இப்போது வரிசை வீடுகள். சீனியின் வீட்டு முன்னால் பந்தல் போட்டு, சிவப்பு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வண்டி நிறுத்த இடமில்லாதபடி ஒரு லாரி குறுக்கே நின்றது. எவன் இப்படி நிறுத்தியது என்று முணுமுணுத்துவிட்டு, தூரத்தில் நிறுத்தி, துணிப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார்.

பந்தல் வாசலில் பத்துமலை நின்றார். சீனியின் தம்பி, தனேஸ்வரனுக்குச் சித்தப்பா.

"வாங்க சார். சாப்பாடு போட்டுக்கிட்டு இருக்காங்க, உக்காருங்க."

"உருமா கட்டாம என்ன சாப்பாடு?" என்றபடி சார் உள்ளே பார்த்தார்.

தனேஸ்வரன் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். தலையில் உருமா இருந்தது. பட்டுக்கரை இல்லை, சாதாரண வெள்ளைத் துண்டு. ஆனால் நெற்றி தெரிய, எடுப்பாக, பழகிய கை கட்டிய கட்டு. அவனுக்கு வலது பக்கம், மச்சான் உட்கார வேண்டிய இடத்தில், சந்தனம் பூசிய நெஞ்சோடு பெர்னார்ட் உட்கார்ந்திருந்தான். கழுத்தில் சிலுவைச் சங்கிலி சந்தனத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. முதல் இலை அவனுக்குத்தான் போட்டிருந்தார்கள்.

கேப்ரியல் சார் முகத்தில் ஈயாடவில்லை.

"யாரு கட்டினது?"

"நான்தான் தம்பி," என்றான் பெர்னார்ட். எழுந்திருக்கவில்லை. உருமா கட்டியவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்திருக்கக் கூடாது. "நேத்து ஜானிஸ் பாப்பாகிட்ட யாரு கட்டுறான்னு கேட்டேன். அது அழுதுச்சு. நான் இருக்கேன்லான்னு சொல்லிட்டு, டவுன்ல போயி துண்டு எடுத்தாந்தேன். பத்தரை ஆச்சு, பதினஞ்சு நிமிசம் உனக்காகத்தான் நின்னோம். சடங்கு செய்யுற பண்டாரம் நேரம் போவுதுன்னாரு. கட்டிட்டேன்."

"நீ எப்படிக் கட்டலாம்? நீ கசின். நான் சொந்த பிரதர். அவளுக்கு நான் ஒருத்தன்தான் பிரதர்!"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தலை தூக்கினார்கள். பத்துமலை உண்மையிலேயே விளங்காதவர் போலக் கேட்டார்.

"பெரியப்பன் மவன் அண்ணன் இல்லாம வேற யாருலா? எங்களுக்குக் கல்யாணத்து அன்னைக்கே தெரியும் அது. மோதிரம் போட்டதும் பெர்னார்ட்தான. நீங்கதான் வரலையே, பாத்திருக்க மாட்டீங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சாருக்கு அந்த மோதிரக் கதை தெரியாது. மோதிரம் போடாமலேயே அந்தக் கல்யாணம் நடந்ததாக, தான் இல்லாத இடம் பத்து வருஷமாகக் காலியாகவே கிடப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில் கணக்குப் போட்டால் ஜானிசுக்கு ஓர் அண்ணன். இந்தப் பந்தலில் போட்ட கணக்கு வேறு. இங்கே ஒருத்தன் வராவிட்டால் அடுத்தவன் வருவான். பெரியப்பா மகன், அவனும் இல்லாவிட்டால் சின்னம்மா மகன். மச்சான் இல்லாத மனிதனை இந்த ஊரில் தேடித்தான் பிடிக்க வேண்டும். புந்தோங்கில் பிறக்கவில்லை கேப்ரியல் சார், இதே தோட்டத்தில் பிறந்தவர்தான். தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொள்ளவில்லை.

அவமானம் தலைக்கேறியது. அப்போது செய்ததுதான் மகா தப்பு. பையிலிருந்து பட்டுத்துண்டை உருவி, "அத அவுருங்க. நான் வந்துட்டேன்ல, முறைப்படி நான் கட்டுறேன்," என்று தனேஸ்வரன் தலையை நோக்கிக் கையை நீட்டினார்.

பெண்கள் பக்கத்திலிருந்து 'ஐயோ' என்று ஒரு சத்தம். கட்டிய உருமாவைச் சாப்பாடு முடியாமல் அவிழ்த்தால் அந்த வீட்டில் இன்னொரு சாவு என்பார்கள். தனேஸ்வரன் எழுந்தே விட்டான். தீபன் குறுக்கே வந்து சாரின் மணிக்கட்டைப் பிடித்தான். பிடித்த வேகத்தில் துண்டின் மடிப்பிலிருந்த காகிதம் நழுவி இலைமேல் விழுந்தது.

தீபன் அதை எடுத்துக் குழம்பைத் துடைத்துவிட்டுப் படித்தான். அவன் முகம் மாறியது.

"என்னடா அது?" என்றார் பத்துமலை.

"இங்கிலீஷ்ல இருக்கு சித்தப்பா."

"குடு," என்று ஒரு குரல். ஜானிஸ் பாயசத் தூக்கோடு வந்து நின்றாள். தூக்கைக் கீழே வைத்துவிட்டுக் காகிதத்தை வாங்கினாள். கேப்ரியல் சார் மெதுவாக, "ஜானிஸ், வேணாம்மா. அதக் குடு," என்றார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. சபைக்கு நடுவில் நின்று, வரிவரியாகத் தமிழில் சொன்னாள்.

"சீனி மவன் தனேஸ்வரன் எழுதிக் குடுக்குறது. ஒண்ணு, எங்க கல்யாணம் இதுவரைக்கும் செல்லாது, அத சர்ச்ல முறைப்படுத்துவேன். ரெண்டு, என் மவளுக்கு ஞானஸ்நானம் குடுப்பேன். இதுக்குப் பதிலா மேற்படி கேப்ரியல் எனக்கு உருமா கட்டுவாரு." மடித்தாள். "கீழ சாட்சிக் கையெழுத்துக்கும் இடம் இருக்கு. யாராச்சும் போடுறீங்களா?"

 சார் வாயைத் திறந்து, செல்லாது என்று தான் எழுதவில்லை, ஆங்கிலத்தில் அதன் அர்த்தம் வேறு என்று ஏதோ ஆரம்பித்தார். அவருக்கே அது கேட்கச் சகிக்கவில்லை, நிறுத்திக்கொண்டார்.

தனேஸ்வரன் பேசினான். குரலை உயர்த்தவில்லை.

"நீங்க அன்னைக்குச் சொன்னீங்க சார், பிரதர்-இன்-லான்னா சர்ச் சட்டம்னு. நான் அப்புறம் தேடிப் பாத்தேன். சரியாத்தான் சொன்னீங்க. ஆனா எங்க வீட்ல அந்தப் புஸ்தகம் இல்ல. எங்கப்பா செத்த அன்னைக்கு யாரும் கூப்புடாம லாரில நாக்காலி மேச ஏத்திக்கிட்டு வந்து எறக்கினாரு பாருங்க, அவருதான் எனக்கு மச்சான்."

"நான் ஷாமினியோட நல்லதுக்குத்தான்..."

"ஷாமினிக்கு ஈஸ்டருக்கு ஞானஸ்நானம். இந்த ஊரு சர்ச்ல போன மாசமே பேரு குடுத்தாச்சு."

சார் தங்கையைப் பார்த்தார்.

"அவரேதான் சொன்னாரு," என்றாள் ஜானிஸ். "உன் சாமிய நீ உட்டுட்டு வரல, பிள்ளைக்கும் குடுன்னு. ஞானஸ்நானத்துல பிள்ளையத் தாங்குற ஞானத்தகப்பனுக்கு உன் பேரத்தான் எழுதிக் குடுத்திருந்தேன். நீ உருமா கட்ட வருவ, ரெண்டு பேரும் ஒரே வீட்ல உக்காந்து சாப்புடுவீங்க, அப்ப சொல்லலாம்னு இருந்தேன். நேத்து சாயங்காலம் போயி பேர மாத்திட்டு வந்தேன். பெர்னார்ட் அண்ணன் பேரு."

"ஏன் போன்ல சொல்லல?"

"நீ கேக்கலையே. எழுதி வாங்குறேன்னுதான சொன்ன."

கையிலிருந்த பட்டுத்துண்டைச் சுருட்டிப் பிடித்தார். கோபம்தான் என்று நினைத்தார். கோபமாக இருந்திருந்தால் வார்த்தை வந்திருக்கும்.

பெர்னார்ட் இலையைப் பார்த்தபடி, "உக்காந்து சாப்புடச் சொல்லு பாப்பா. கூடப் பொறந்தவன்," என்றான். அவன் ஒருத்தன்தான் அந்தப் பந்தலில் அப்படிச் சொன்னான். அதைத்தான் கேப்ரியல் சாரால் தாங்க முடியவில்லை. தூரத்து கசின் சிபாரிசு செய்து தங்கை வீட்டில் சாப்பிடுவதா? பட்டுத்துண்டை அருகிலிருந்த நாற்காலியில் போட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். அதை எடுத்துக் கொடுக்கவோ, இருங்கள் என்று சொல்லவோ யாரும் வரவில்லை. இலைகளுக்கு மறுபடி சோறு போட ஆரம்பித்துவிட்டார்கள்.

பந்தல் வாசலில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி, வருகிறவர்களுக்குத் தட்டில் வைத்த காகிதக் குவளைகளில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஜானிசின் நெற்றி, ஜானிசின் கண். கேப்ரியல் சார் தங்கைக்குப் பின்னிவிட்ட அதே ரெட்டைச் சடை, வேறு யாரோ பின்னியது. அப்பா சாவில் மூன்று வயதில் பார்த்த பிள்ளை; அதற்கு இவரை ஞாபகமில்லை.

"அங்கிள், தண்ணி," என்று நீட்டினாள்.

அந்த வார்த்தையும் எங்கிருந்து வந்தது என்று கேப்ரியல் சாருக்குத் தெரியும். லத்தீனில் பிறந்தபோது அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான்: அம்மாவின் உடன்பிறந்தான். அப்பாவின் தம்பியைக்கூட அப்படிக் கூப்பிட முடியாது, அவனுக்கு வேறு பெயர். தாய்மாமனுக்கு மட்டுமே உரிய சொல், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, தேய்ந்து, இந்த ஊருக்கு வந்து சேரும்போது பஸ் ஓட்டுகிறவரும் ரோஜாக் விற்கிறவரும் நரைமுடி வைத்த எவரும் அங்கிள். வகுப்பாக இருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பார்.

"அங்கிள் இல்லம்மா," என்றார். குரல் உடைந்துவிட்டது. அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை இப்போது. "மாமா. மாமான்னு கூப்புடு."

பிள்ளை குழம்பிப்போய் அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. ஜானிஸ் பெர்னார்டின் இலைக்குப் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"மாமா இங்க சாப்புட்டுக்கிட்டு இருக்காரு பாப்பா. அங்கிளுக்கு வழி உடு, போவட்டும்."

ஷாமினி சொன்னதைக் கேட்கிற பிள்ளை. தண்ணீர்த் தட்டைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.